ஒரு முத்தும் ஓர் எழுத்தும்

ஏரலைத் தாண்டிக் கொற்கைக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் வாழை. கடலைத் தேடினால் கிடைக்காது. அது கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பாண்டியர் துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஊர் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு குளம், கண்ணகியைச் செழிய நங்கை என்று கும்பிடுகிற ஒரு கோயில், வெகு காலத்து மரம் என்று ஊரார் கைகாட்டும் ஒரு வன்னி, அக்கசாலை என்ற பெயரைச் சுமந்து நிற்கும் ஒரு ஈசுவரன் கோயில். நாணயம் அடித்த இடத்துக்கு மிஞ்சியது அந்தப் பெயர் மட்டுமே. கடலை இங்கிருந்து துரத்தியது தாமிரபரணி. மலையிலிருந்து அள்ளிவந்த வண்டலை முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டிக் கரையை நகர்த்தியது. துறைமுகமும் கூடவே நகர்ந்தது: கொற்கையிலிருந்து காயலுக்கு, காயலிலிருந்து புன்னைக்காயலுக்கு, கடைசியில் ஆற்றையே விட்டுத் தூத்துக்குடிக்கு.

நான் போனபோது சட்டைப் பையில் ஒரு முத்துச்சிப்பியின் ஓடு இருந்தது. பாதி ஓடுதான். தூத்துக்குடியில் சங்கும் சோழியும் விற்கிற ஒரு கடையில், விலை கேட்டதற்கு, "இதுக்கு என்ன விலை, சும்மா கொண்டு போங்க அண்ணாச்சி" என்று தந்தது. வெளிப்பக்கம் சொரசொரப்பு, பழுப்பும் பச்சையுமாகச் செதில் செதிலாக. திருப்பினால் உள்ளே பளபளப்பு. வெயிலில் சாய்த்தால் ரோஜா நிறமும் இளம்பச்சையும் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஓரத்தில் மட்டும் விரல் நகம் அகலத்துக்கு மினுக்கு இல்லாத ஒரு கரை. அந்தக் கரை பின்னால் தேவைப்படும்.

அந்த ஓட்டைக் கொற்கைக்கு எடுத்துப் போனதற்குக் காரணம் ஒரு கிரேக்கச் சொல்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில், ஞாயிறு திருப்பலியில் நீளமான விசுவாச அறிக்கையைச் சொல்லும் நாளில், 'ஒரே பொருளானவர்' என்று ஒரு சொல் வரும். மகன் தந்தையோடு ஒரே பொருள் என்பது கருத்து. கூட்டம் அதை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடும். கிரேக்க மூலத்தில் அது ஹோமோஊசியோஸ். 'ஹோமோ' என்றால் ஒரே. 'ஊசியா' என்பதுதான் சிக்கல். ஒன்று எதுவாக இருக்கிறதோ அது, அதன் இருப்பு, அதன் உள்ளீடு என்று தத்துவக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சந்தையில் அந்தச் சொல்லுக்குச் சொத்து என்றுதான் அர்த்தம். லூக்கா எழுதிய நற்செய்தியில் ஊதாரி மகன் அப்பாவிடம் பங்கு கேட்கிறான் அல்லவா, அவன் கேட்கிற சொத்துக்குக் கிரேக்கத்தில் 'ஊசியா' என்றே எழுதியிருக்கிறது.

இங்கேதான் தமிழ் எனக்கு வியப்பாகப் படுகிறது. நம்முடைய 'பொருள்' என்ற சொல்லும் அதே இரட்டை வேலையைச் செய்கிறது. கையில் பிடிக்கிற வஸ்துவும் பொருள். வள்ளுவரின் நடுப்பாலில் வருகிற செல்வமும் பொருள். போதாக்குறைக்கு, சொல்லுக்குள் இருக்கிற அர்த்தமும் பொருளே. அது கிரேக்கச் சொல்லில் இல்லாத கூடுதல் வரவு. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பொருள் என்று தமிழில் சொன்னால், பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து ஒன்றும் கண்ணுக்குள் வந்துபோகிறது. ஊசியாவுக்கு இதைவிடக் கச்சிதமான சொல் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சண்டை தொடங்கியது எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கி.பி. 318 வாக்கில். ஆரியுஸ் என்ற குருவானவர் நேரான ஒரு கேள்வியைக் கேட்டார். மகன் தந்தையிடமிருந்து பிறந்தார் என்றால், பிறப்பதற்கு முன்பு அவர் இல்லைதானே? ஆரம்பம் உள்ள ஒருவர் ஆரம்பமே இல்லாதவரோடு எப்படிச் சமமாவார்? கேள்வி பரவிய வேகத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் தலையிட்டு, 325-இல் இன்றைய துருக்கியில் உள்ள நீசேயா நகரில் ஆயர்களைக் கூட்டினார். விவிலியத்திலிருந்து எந்தத் தொடரை எடுத்து நீட்டினாலும் ஆரியுஸின் பக்கத்தார் தங்களுக்கு ஏற்றபடி விளக்கம் சொல்லி ஒத்துக்கொண்டார்கள் என்கிறார் அங்கே இளம் திருத்தொண்டராக இருந்த அத்தனாசியு. அவர்களால் விழுங்க முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது. அப்படி உள்ளே வந்ததுதான் ஹோமோஊசியோஸ். அது விவிலியத்தில் எங்கும் இல்லை. இன்னும் சங்கடம், 268-இல் அந்தியோக்கியாவில் கூடிய சங்கம் வேறொரு வழக்கில் அதே சொல்லை ஆகாது என்று தள்ளியிருந்தது.

சொல்லைச் சேர்த்தவுடன் பிரச்சினை தீரவில்லை; அதற்கு இன்னும் 56 ஆண்டு ஆனது. நீசேயாவின் சொல்லுக்காக நின்ற அத்தனாசியு பின்னால் அலெக்சாந்திரியாவின் ஆயராகி 5 முறை நாடு கடத்தப்பட்டார். 358-இல் அன்கீராவில் கூடியவர்கள் ஒரு சமரசம் கொண்டுவந்தார்கள். 'ஒரே பொருள்' வேண்டாம், 'ஒத்த பொருள்' என்று வைத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் அது ஹோமோயூசியோஸ். இரண்டுக்கும் நடுவில் ஐயோட்டா என்ற ஓர் எழுத்துதான் வித்தியாசம், அந்த நெடுங்கணக்கிலேயே ஆகச் சின்ன எழுத்து. பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் கிப்பன் இதை வைத்து நன்றாகக் கேலி செய்தார். நாம் அவரோடு சேர்ந்து சிரிக்க வேண்டியதில்லை. நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று நீதிமன்றம் வரைக்கும் போன ஊர் நம்முடையது.

உண்மையில் அந்த ஓர் எழுத்து எவ்வளவு கனம் என்பது சிலப்பதிகாரம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கோவலன் கையில் இருந்த சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் பார்வைக்கு ஒன்று. பொற்கொல்லன் சொன்னதை அரசன் நம்பியதற்கு அந்த ஒப்புமைதான் காரணம். வழக்கு எப்படித் தீர்ந்தது? சிலம்பை உடைத்தார்கள். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்துப் பரல். பாண்டியன் வீட்டு முத்து என்றால் அது கொற்கை முத்தாகத்தான் இருக்க வேண்டும். ஒத்திருப்பது வேறு, ஒன்றாக இருப்பது வேறு என்பதற்கு ஓர் உயிர் போன பிறகு கிடைத்த சாட்சி. நீசேயாக்காரர்களின் பயமும் அதுவே. ஒத்தது என்றால் உடைத்துப் பார்க்கும்போது உள்ளே வேறாக இருக்கலாம் அல்லவா?

வேறேதான் என்று வெளிப்படையாகச் சொன்ன கூட்டமும் ஒன்று இருந்தது. ஏட்டியுஸும் அவருடைய சீடர் யூனோமியுஸும் அதன் தலைவர்கள். அவர்களுடைய சொல் ஹெட்டெரோஊசியோஸ், வேற்றுப் பொருள். எதிரிகள் அவர்களை 'ஒவ்வாதவர்' என்ற பெயரால் அழைத்தார்கள். ஏட்டியுஸ் தொடக்கத்தில் உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர். பழுதுபார்க்க வந்த தங்க நகையை வைத்துக்கொண்டு, முலாம் பூசிய வெண்கலத்தைத் திருப்பித் தந்துவிட்டார் என்று நீசா நகர் கிரகோரி அவர்மேல் ஒரு கதையை ஏற்றிவிட்டார். எதிராளி எழுதியது, எவ்வளவு நம்பலாமோ அவ்வளவுதான். இருந்தாலும் சிலம்பைக் கையில் வைத்திருந்த பொற்கொல்லன் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இந்த அரிய மூன்றாவது சொல்லுக்குத்தான் இந்தியாவோடு ஒரு தொடர்பு இருக்கிறது. யூனோமியுஸின் கட்சியைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் பிலோஸ்தோர்கியுஸ், 'இந்தியரான தியோபிலுஸ்' என்று ஒருவரைப் பற்றி எழுதுகிறார். திபுஸ் என்ற தீவிலிருந்து சிறு வயதிலேயே ரோமர்களிடம் பணயமாக அனுப்பப்பட்டு அவர்களிடையே வளர்ந்தவர். 356 வாக்கில் பேரரசர் கான்ஸ்டான்ஷியுஸ், 200 கப்பதோக்கியக் குதிரைகளைப் பரிசாகக் கொடுத்து, அவரைத் தென் அரேபியாவின் ஹிம்யார் அரசனிடம் தூது அனுப்பினார். அங்கே வேலை முடிந்ததும் தியோபிலுஸ் கப்பலேறிச் சொந்தத் தீவுக்கும், அதன் பிறகு 'இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கும்' போனாராம். அங்கே இருந்த கிறிஸ்தவர்கள் நற்செய்தி வாசிக்கும்போது உட்கார்ந்தபடியே கேட்டார்கள், அதைத் திருத்தினார். கோட்பாட்டில் திருத்த ஒன்றுமில்லை, அவர்கள் ஏற்கெனவே 'வேற்றுப் பொருள்' என்றே நம்பினார்கள் என்று கட்சிக்காரருக்குரிய திருப்தியோடு எழுதிவைத்தார் பிலோஸ்தோர்கியுஸ்.

திபுஸ் மாலத்தீவு என்பார் சிலர், சொகோத்ரா என்பார் சிலர். அந்தக் காலத்துக் கிரேக்கர்களுக்கு ஏமனும் எத்தியோப்பியாவும்கூட இந்தியாதான். ஆகவே தியோபிலுஸ் கொற்கைக் கரையில் இறங்கினார் என்று கொடி பிடிக்க நான் தயாரில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேதம் கேட்கிறவர்களை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி மட்டும் நமக்கு அந்நியமாக இல்லை.

ஆனால் கொற்கையின் சரக்கு இந்த விவாதக்காரர்களின் கைக்குப் போயிருந்தது. முதல் நூற்றாண்டின் பெரிபுளூஸ் என்ற கடல்வழிக் கையேடு கொற்கையைக் கொல்கோய் என்கிறது. பாண்டியனுக்குச் சொந்தமான அந்த இடத்தில் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்தார்கள் என்கிறது. மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஒரிகேன், மத்தேயு நற்செய்திக்கு உரை எழுதும்போது, விலைமதிப்புள்ள முத்து என்ற உவமை வந்த இடத்தில் நகை வியாபாரி போல நின்றுவிடுகிறார். எந்தக் கடல் முத்து உசத்தி? இந்திய முத்து.

நான்காம் நூற்றாண்டில் அந்த முத்தை எடுத்து விவாதத்துக்கு நடுவிலேயே வைத்தவர் எபிரேம். சிரியாக் மொழிக் கவிஞர், நிசிபிஸ் நகரத்துக்காரர். 363-இல் அந்த நகரம் பாரசீகர் வசம் போனதால் எடெஸ்ஸாவுக்குக் குடிபெயர்ந்து 373-இல் இறந்தவர். 'நம்பிக்கை பற்றிய பாடல்கள்' என்ற அவருடைய தொகுப்பில் 87 பாடல்கள்; 81 முதல் 85 வரை ஐந்தும் முத்தைப் பற்றியவை. அவர் நீசேயாவின் பக்கம்தான். ஆனால் கடவுளின் உள்ளீட்டைக் கத்தி போட்டு அறுத்துப் பார்க்கத் துடிக்கிற எல்லாரிடமும் அவருக்கு எரிச்சல். அதனால் வாதம் செய்யாமல் ஒரு முத்தை எடுத்துக் கையில் உருட்டிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒளி. கேள்வி கேட்கிறார், முத்துக்கு வாய் இல்லை. மின்னலும் நீரும் சேர்ந்து சிப்பிக்குள் முத்தைக் கருக்கொள்ளச் செய்கின்றன என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆண் துணையில்லாத பிறப்புக்கு, குறைவுபடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்று வருவதற்கு அது வாகான படிமமாக இருந்தது. நம்மூரில் சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி என்று சொல்வோம். மின்னலுக்குப் பதில் மழை, அவ்வளவுதான்.

முத்தை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அரசர்கள் அல்ல, ஆடை களைந்து குதித்த ஏழைகள் என்பதும் அவர் கண்ணில் படுகிறது. பக்கத்தில் இருந்த பாரசீக வளைகுடா முத்தாகவே அது இருந்திருக்கலாம். அப்படிப் பார்த்தாலும் விலகல் அதிகமில்லை. அந்த வளைகுடாச் சிப்பியும் மன்னார் வளைகுடாச் சிப்பியும் அவ்வளவு நெருங்கிய சொந்தம். பிங்க்டாடா ராடியாட்டா, ஃபுகாட்டா, இம்ப்ரிகாட்டா என்று மூன்று பெயர் வைத்துக்கொண்டு, இவை ஒரே இனமா, ஒத்த இனங்களா என்று உயிரியலாளர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். ஐயோட்டா அங்கேயும் விடவில்லை.

எபிரேம் பார்க்காத ஒரு பக்கமும் முத்துக்கு உண்டு. சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் கடலடிப் பார்களிலிருந்து தோணி தோணியாக வந்த சிப்பிகளைக் கரையில் அடைப்புக்குள் குவித்து, ஈ மொய்த்துச் சதை அழுகும் வரை நாள்கணக்கில் விட்டுவைப்பார்கள். பிறகு கடல்நீரில் அலசி அலசி அடியில் தங்குவதைப் பொறுக்குவார்கள். ஆணிமுத்து வந்த வழி அந்த நாற்றத்தின் வழி. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது.

முத்து உண்மையில் எப்படி உண்டாகிறது என்று அறிய 1902-இல் ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளர் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துப் பார்களுக்கு வந்தார். சிப்பிக்குள் புகுந்து இறந்த நாடாப்புழுவின் இளம்பருவம்தான் முத்தின் கரு என்று முடிவுக்கு வந்தார். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. மணல் துகள் கதையும் பெரும்பாலும் கதைதான். மணலைத் துப்பத் தெரியாமல் ஒரு சிப்பி கடலடியில் காலம் தள்ள முடியாது. புழுவும் மணலும் முக்கியமில்லை, இடம் மாறிய சில உயிரணுக்களே முக்கியம்.

சிப்பியின் சதையைச் சுற்றி மெல்லிய போர்வை ஒன்று இருக்கிறது. ஓட்டைக் கட்டுகிற கொத்தனார் அதுதான். காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அந்தப் போர்வையின் வெளித்தோல் அணுக்கள் சில பிய்ந்து சதைக்குள் சிக்கிக்கொண்டால், அவை பெருகி ஒரு சின்னப் பையாகச் சுருண்டுகொள்ளும். பைக்குள்ளேயும் அவை தெரிந்த வேலையைத்தான் செய்யும். ஓடு கட்டும். தட்டையாகக் கட்ட இடமில்லாததால் உருண்டையாகக் கட்டும். முத்து என்பது உள்பக்கமாகச் சுருண்டுவிட்ட ஓடு.

அப்படியானால் முத்தும் ஓடும் ஒரே பொருளா? இப்போது அந்தப் பாதி ஓட்டைத் திருப்பிப் பார்க்கலாம். உள்ளே மினுங்குகிற பகுதி அரகோனைட் என்ற படிகத்தின் அடுக்கு. ஒவ்வொரு தகடும் சுமார் அரை மைக்ரான் தடிமன். ஒளியின் அலைநீளத்துக்கு அருகில் இருப்பதால் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று மோதி அந்த ரோஜாவையும் பச்சையையும் உண்டாக்குகின்றன. தகடுகளுக்கு நடுவே பசைபோல கான்கியோலின் என்ற புரதம். நல்ல முத்தை வெட்டிப் பார்த்தாலும் இதே அரகோனைட், இதே பசை, இதே அடுக்கு. நீசேயாக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள்: ஹோமோஊசியோஸ்.

மினுக்கு இல்லாத ஓரத்துக்கு வாருங்கள். அதுவும் ஓட்டின் வெளிப்புறமும் கால்சைட். வேதியியலாளரிடம் கேட்டால் இரண்டுக்கும் ஒரே சூத்திரம், கால்சியம் கார்பனேட். கொஞ்சமும் மாற்றமில்லை. அணுக்கள் வரிசைகட்டி நிற்கும் விதம் மட்டும் வேறு. அதனால் அரகோனைட்டின் அடர்த்தி 2.93, கால்சைட்டினுடையது 2.71, ஒன்று தகடாக அடுக்கி மினுங்கும், மற்றது பட்டகப் பட்டகமாக நின்று மங்கும். இதை ஒரே பொருள் என்பதா, ஒத்த பொருள் என்பதா? சூத்திரம்தான் பொருள் என்றால் ஒன்று. அமைப்பும் சேர்ந்ததுதான் பொருள் என்றால் வேறு. அன்கீராவில் 358-இல் கூடியவர்கள் திணறியது இதே இடத்தில்தான். கால்சைட் செய்கிற ஓரத்து அணுக்கள் பைக்குள் சிக்கினால் மினுக்கமே இல்லாத மங்கல் முத்தும் பிறப்பதுண்டு. அதை யாரும் கிரீடத்தில் பதிப்பதில்லை.

சித்த வைத்தியருக்கு இந்தக் குழப்பம் இல்லை. முத்துப் பற்பமும் செய்கிறார், முத்துச்சிப்பிப் பற்பமும் செய்கிறார். புடம் போட்டு எடுத்தால் இரண்டும் வெள்ளைத் தூள். விலையில்தான் வேற்றுப் பொருள்.

1973-இல் தூத்துக்குடியில் இன்னொரு முடிச்சு விழுந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி, இந்தியாவில் முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார். ஜப்பானியர் உலகுக்குக் காட்டிய முறை அது. ஒரு சிப்பியின் போர்வையிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, ஓட்டில் கடைந்த ஒரு மணியோடு சேர்த்து, இன்னொரு சிப்பியின் சதைக்குள் வைத்து மூடிக் கடலில் விடுவார்கள். துண்டு பையாக வளர்ந்து மணியின்மேல் அரகோனைட்டைப் பூசும். உலகச் சந்தையில் ஓடுகிற கடல் முத்துகளில் பெரும்பாலானவற்றின் நடுவே இருப்பது அமெரிக்க ஆற்று மட்டியின் ஓடு. மேலே பூசியது ஒரு சிப்பியின் அணுக்கள், சோறு போட்டு வளர்த்தது வேறு சிப்பி. யார் தாய்? 1920-களில் இந்த முத்துகள் ஐரோப்பாவுக்கு வந்தபோது லண்டன், பாரிஸ் வியாபாரிகள் போலி என்று கூச்சலிட்டார்கள். வெளியே நின்று யாராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. சிலம்பைப் போல உடைக்க வேண்டியிருந்தது, பிறகு எக்ஸ்ரே வந்தது.

மகன் பிறந்தவர், செய்யப்பட்டவர் அல்லர் என்று நீசேயாவில் எழுதினார்கள். ஓடு தந்த அதே கடையில் ஒரு சரத்தைக் காட்டி, இது பிறந்ததா, செய்ததா என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் சரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உள்ள ஒரு மணிய வைக்கிறதுதான் அண்ணாச்சி நம்ம வேல. மிச்சமெல்லாம் சிப்பி பாத்துக்கிடும்."

பிறகு, நான் வாங்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, அதைத் திரும்பவும் பஞ்சில் சுற்றி வைத்தார்.